சாமானுக்குத் தட்டுப்பாடு வருவதற்கு முன்: ஆறு கிழமைக்கு வீட்டில் என்ன, எவ்வளவு, எப்படி வைப்பது

2022 இல் இலங்கையில் நாள் கணக்காக நீண்ட வரிசைகள் காஸ், மண்ணெண்ணெய், பெற்றோல், பால்மா ஆகியவற்றுக்குத்தான் நின்றன. அரிசி விலை ஏறியது, ஆனாலும் கடையில் இருந்தது. மூலையில் அரிசி மூட்டை இருக்க, அதை அவிக்க வழியில்லாமல் பாண் தேடி அலைந்த வீடுகள் ஏராளம். அதனால் சேமிப்பு என்றதும் அரிசிக் கடைக்கு ஓடுவது பிழையான தொடக்கம். முதலில் அடுப்புக்கு வழி, அடுத்து மருந்து, அதன் பிறகுதான் சாப்பாட்டுச் சாமான்.

கீழே வரும் அளவுகள் நாலு பேர் உள்ள, மத்தியானம் சோறும் இரவில் பிட்டோ இடியப்பமோ சாப்பிடுகிற வீட்டுக்கு ஆறு கிழமைக்கானவை. அதற்குக் குறைவாக வைத்தால், காஸ் ஒரு முறை வராமல் போனாலே கை காய்ந்துவிடும். அதற்கு மேல் வைத்தால் எங்கள் வெக்கையில் மாவும் தூளும் பால்மாவும் பழுதாகும், காசும் முடங்கும்.

எப்போது தொடங்குவது

வரிசை தொடங்கிய பிறகு வாங்குவது சேமிப்பு ஆகாது. அது அடிபிடி. அதற்கு முன்பே சில அடையாளங்கள் தெரியும். இறக்குமதியாளர்கள் வங்கியில் டொலர் கிடைக்கவில்லை என்று சொல்லத் தொடங்குவார்கள். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காசுக்குக் காத்து நிற்கிறது என்று செய்தி வரும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, ஒரு பொருளுக்குக் கட்டுப்பாட்டு விலை போட்டு வர்த்தமானி (அரச அறிவித்தல்) வெளிவருவது. வாங்குகிற விலைக்குக் கீழே விற்கச் சொன்னால் வியாபாரி விற்கமாட்டார், அந்தப் பொருள் கடையிலிருந்து மறைந்துவிடும். பிறகு கட்டுப்பாடு நீங்கும், பொருளும் புதிய விலையுடன் திரும்பி வரும். 2021 ஒக்ரோபரில் பால்மா, கோதுமை மா, காஸ், சீமெந்து நான்குக்கும் கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்டபோது நடந்தது இதுதான். 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ காஸ் சில நாட்களில் 2,750 ஆனது. 2022 ஏப்ரலில் அது 4,860.

அடையாளம் தெரிந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ள வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் வழமையான சாமானோடு ஏதாவது இரண்டு பொருளை மட்டும் இரட்டிப்பாக வாங்குங்கள். கையிருப்பு மெல்ல மெல்ல நிறையும், கடைத் தட்டும் காலியாகாது. நாட்கூலிக்காரர் அன்றன்றைக்கு அரைக் கிலோ வாங்குகிற அதே கடையில்தான் நீங்களும் வாங்குகிறீர்கள்.

கடன் எடுத்தோ நகையை அடகு வைத்தோ சாமான் சேர்க்கவே வேண்டாம். நெருக்கடியில் விலை மட்டுமல்ல, வட்டியும் ஏறும்.

காஸ்

நாலு பேருக்கு 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று ஏறத்தாழ ஒரு மாதம் தொடக்கம் நாற்பது நாள் வரை ஓடும். பாவனையில் ஒன்று, நிரம்பியது ஒன்று என இரண்டு சிலிண்டர் இருக்க வேண்டும். பாவனையில் உள்ளது முடிந்த அன்றே வெறும் சிலிண்டரைக் கொடுத்து மாற்றுங்கள். "மற்றது இருக்கிறதே" என்று இரண்டு கிழமை விட்டவர்கள்தான் பிறகு வரிசையில் நிற்க நேர்ந்தது. மாற்றிய திகதியைச் சிலிண்டரிலேயே மார்க்கர் பேனையால் எழுதிவிட்டால் உங்கள் வீட்டுக்கு அது எத்தனை நாள் ஓடுகிறது என்ற உண்மையான கணக்குக் கிடைக்கும்.

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க இரண்டு வழி உண்டு. சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாகச் சுடுநீரை ஊற்றிக் கையால் தடவினால், திரவம் உள்ள மட்டத்தில் குளிர்ச்சி தொடங்கும். இன்னும் சரியாக வேண்டுமானால் தராசில் வைத்து நிறுத்து, சிலிண்டரில் பொறித்திருக்கும் வெற்று நிறையைக் கழியுங்கள். புதிய சிலிண்டரையும் வாங்கும்போது இப்படி நிறுத்துப் பார்ப்பது நல்லது. தட்டுப்பாட்டுக் காலத்தில் குறைந்த நிறையோடு வருவதும் உண்டு.

2021 இறுதியில் நாடு முழுவதும் காஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்தன. கலவையில் புரொப்பேன் விகிதம் கூடியதே முதன்மைக் காரணம் என்று அப்போது ஜனாதிபதி நியமித்த குழு கண்டது. புரொப்பேன் கூடினால் அழுத்தமும் கூடும், பழைய குழாய் அதைத் தாங்காது. குழாயில் வெடிப்போ விறைப்போ தெரிந்தால் உடனே மாற்றுங்கள். ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் ரெகுலேற்றர் பூட்டிய இடத்தில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். மேலதிகச் சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள். கட்டிலுக்குக் கீழே, பூட்டிய களஞ்சிய அறையில், வடிகால் குழிக்கு அருகில் வைக்கக் கூடாது. காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும்.

காஸ் மிச்சம் பிடிக்க மீன் வருகிற ரெஜிபோம் பெட்டி (வெள்ளை நுரைப் பெட்டி) ஒன்று போதும். பெட்டியை நன்றாகக் கழுவி, பழைய போர்வையை உள்ளே விரித்து வையுங்கள். அரிசியை அரை மணித்தியாலம் ஊறவைத்து, கஞ்சி வடிக்காத அளவுக்குத் தண்ணீர் வைத்து, மூடி போட்டு, கொதி வந்த பின் எட்டுப் பத்து நிமிடம் அவியவிடுங்கள். பிறகு மூடியைத் திறக்காமல் பானையைப் பெட்டிக்குள் வைத்துப் போர்வையால் நன்றாகச் சுற்றி மூடிவிடுங்கள். முக்கால் மணித்தியாலத்தில் சோறு பதமாக இருக்கும். பானை சிறிதாகவோ அரைவாசி காலியாகவோ இருந்தால் சூடு நிற்காது, அரிசி நடுவில் வேகாமல் கிடக்கும். முக்கால் பானையாவது நிறைய வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பெட்டியில் விடாதீர்கள். சூடு இறங்கிய சோறு அதற்குள் பழுதாகத் தொடங்கும்.

விறகும் மண்ணெண்ணெயும்

வளவு உள்ள வீட்டில் காஸுக்கு மாற்று விறகுதான். மூன்று கல் அடுப்பில் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு நாலைந்து கிலோ போகும். காற்று அடிக்காமல் பக்கம் அடைத்த மண் அடுப்பென்றால் குறையும். மழைக்கு முன் வெட்டி, கல்லின் மேல் அடுக்கி, தகரம் போட்டு மூடுங்கள். நேரே நிலத்தில் அடுக்கினால் அடி வரிசையைக் கறையான் தின்னும், பாம்பும் குடியேறும். சிரட்டை, ஊமல் (காய்ந்த பனங்கொட்டை), பாளை, பன்னாடை எதையும் எறிய வேண்டாம். பன்னாடை பற்றவைக்கவும், ஊமலும் சிரட்டையும் தணலுக்கும் உதவும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு விறகு சரிவராது. கொழும்பில் அப்போது பலர் மாடி முகப்பில் விறகு எரித்துப் புகையோடு போராடினார்கள். அவர்களுக்கு இரண்டாவது சிலிண்டரும் ஒரு மின்சார அடுப்பும் சேர்ந்தால்தான் காப்பு. மின்சாரம் உள்ள நேரத்தில் சமைத்து, இல்லாத நேரத்துக்குக் காஸை வைத்திருக்கலாம்.

மண்ணெண்ணெய் ஐந்து தொடக்கம் பத்து லீற்றர் போதும். இறுக்கி மூடும் கானில், அடுப்புக்கும் அரிசிக்கும் எட்ட, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். பெற்றோலை வீட்டில் சேர்க்கவே வேண்டாம். அது அறை வெப்பத்திலேயே ஆவியாகும், லைற் சுவிட்ச் போடும்போது வரும் சிறு பொறியே தீப்பிடிக்கப் போதும். 2022 இல் அப்படி எரிந்த வீடுகள் உண்டு.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணம் ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தது. போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், உள்ளே சிறிய திரி. போத்தல் சாய்ந்தாலும் எண்ணெய் ஊற்றுப்படாது, காற்றுக்கும் அணையாது. இன்றைக்கு எல்ஈடி விளக்கு இருக்கும்போது அதற்குத் திரும்பத் தேவையில்லை. ஆனால் குழந்தை உள்ள வீட்டில் சிமினி இல்லாத குப்பி விளக்கை விட அது எவ்வளவோ பாதுகாப்பு.

மருந்து

பிரஷர், சீனி, தைரொயிட், இழுப்பு என நிரந்தரமாக மருந்து எடுப்பவர் இருந்தால் இரண்டு மாத மருந்து கையில் இருக்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லியே கேட்கலாம். ஒரே மருந்து வேறு வேறு கம்பனிப் பெயரில் வரும் என்பதால் மருந்தின் மூலப் பெயரையும் அளவையும் ஒரு துண்டில் எழுதி வையுங்கள். வழமையான பெயர் இல்லையென்று பாமசியில் கைவிரித்தாலும் மூலப் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் மாற்றுக் கிடைக்கும்.

இன்சுலின் திறக்காதது குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டும். பாவனையில் உள்ளது பொதுவாக 30 பாகைக்குக் கீழே நாலு கிழமை தாங்கும். நீண்ட மின்வெட்டில் பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் மணல் நிரப்பி ஈரமாக வைத்து, உள்பானையில் இன்சுலினைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். காற்றுப்படும் நிழலில் வைத்தால்தான் பானை குளிரும், மாரியில் இந்த வழி அவ்வளவாக வேலை செய்யாது. ஐஸ் போத்தலோடு ஒட்டி வைக்கவே கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை.

இவற்றோடு பனடோல், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பைக்கற் பத்து, காயத்துக்கான துணி, பிளாஸ்டர். ஜீவனி முடிந்தால் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றருக்குச் சீனி ஆறு மட்டத் தேக்கரண்டி, உப்பு அரை மட்டத் தேக்கரண்டி. உப்புக் கூடினால் ஆபத்து, குவித்துப் போடாதீர்கள். அன்ரிபயோட்டிக்கை மட்டும் சேர்த்து வைக்க வேண்டாம்.

அரிசியும் மாவும்

மத்தியானச் சோற்றுக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி என்று வைத்தால் ஒரு நாளைக்கு அரைக் கிலோ, ஆறு கிழமைக்கு 21 கிலோ. புழுங்கல் அரிசியாக வாங்குங்கள், அது பச்சையரிசியை விட வண்டைத் தாங்கும். தவிடு நீக்காத சிவப்பு அரிசி சத்தானதுதான், ஆனால் தவிட்டு எண்ணெய் நாலைந்து மாதத்தில் சிக்கு நாற்றம் எடுக்கும். அதை முதலில் சமைத்து முடியுங்கள்.

வண்டு வெளியிலிருந்து வருவதை விட, அரிசி மணிக்குள் முட்டையாகவே வருவதுதான் அதிகம். சாக்கை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அது பொரிக்கும். நன்றாகக் காய்ந்த தண்ணீர்ப் போத்தல்களில் புனல் வைத்து, தட்டித் தட்டி, கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். காற்று இல்லாத இடத்தில் பொரித்த வண்டு பெருகாது. ஒரு போத்தலில் வந்தாலும் அந்தப் போத்தலோடு நிற்கும், மூட்டை முழுவதும் போகாது. போத்தலுக்குள் ஒரு துளி ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கழுவிய போத்தலை இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகே நிரப்புங்கள். வண்டு வந்த அரிசியை உச்சி வெயிலில் மணித்தியாலக் கணக்காகப் போட்டால் அரிசி வெடித்து, சமைக்கும்போது குழையும். நிழலில் பரப்பிப் புடைப்பது போதும்.

இரவுச் சாப்பாட்டுக்கு நாளைக்கு 400 கிராம் மா, ஆறு கிழமைக்கு ஏறத்தாழ 17 கிலோ. இதை முழுவதும் மாவாக வைக்காதீர்கள். வறுத்த அரிசி மா ஐந்து கிலோ, கோதுமை மா ஐந்து கிலோ, மிச்சத்துக்குச் சிவப்புப் பச்சையரிசி ஏழு கிலோ. மின்வெட்டுக் காலத்தில் மில்லும் ஓடாது என்பதை மறக்க வேண்டாம். கரண்ட் நேரம் வழமையாக இருக்கும்போதே முதல் ஐந்து கிலோவைத் திரித்து வறுத்துவிடுங்கள்.

மா வறுப்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். அரிசியை மூன்று நாலு மணித்தியாலம் ஊறவைத்து வடித்து, ஈரம் தோய்ந்த பதத்தில் திரித்து, அரித்து, அடிகனமான தாச்சியில் ஒரு முறைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போடாமல் மிதமான நெருப்பில் கிளறுங்கள். முதலில் மா பாரமாக இருக்கும், ஆவி எழும். ஆவி நின்று, அகப்பை இலேசாக ஓடத் தொடங்கியதும் ஒரு சிட்டிகை எடுத்துக் கோலக் கோடு போல இழுங்கள். கோடு அறுந்து அறுந்து விழுந்தால் ஈரம் இன்னும் இருக்கிறது. அறாமல் விழுந்தால் இறக்குங்கள். தாளில் பரப்பி முழுவதும் ஆறவைத்து, மீண்டும் அரித்து, ரின்னில் அடையுங்கள். இளஞ்சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்த நீர் மாவில் சொட்டிக் கட்டியாகும், பத்து நாளில் பூஞ்சண மணம் வரும். ஒழுங்காக வறுத்த மா இரண்டு மூன்று மாதம் நிற்கும். கோதுமை மாவைப் பச்சையாகவே வைத்து, பிட்டுக்கு இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் அவித்து அரித்துக்கொள்ளுங்கள்.

மற்றச் சாமான்

பருப்பு வகை எட்டுக் கிலோ: மைசூர்ப் பருப்பு ஐந்து, பயறு இரண்டு, கடலை ஒன்று. கடலையைக் குறைத்ததற்குக் காரணம் விறகும் காஸும்தான். மைசூர்ப் பருப்பு கால் மணித்தியாலத்தில் வெந்துவிடும். கடலைக்கு இரவு முழுவதும் ஊறவேண்டும், பிறகும் நேரம் எடுக்கும். பழைய பருப்பு வேகத் தாமதிக்கும் என்பதால் சேமித்ததையே முன்னால் வைத்துச் சாப்பிடுங்கள்.

சீனி ஆறு கிலோ, உப்பு இரண்டு, தேயிலை ஒரு கிலோ, மிளகாய்த்தூள் ஒரு கிலோ, தேங்காய் எண்ணெய் நாலு போத்தல், நல்லெண்ணெய் ஒன்று, புளி ஒரு கிலோ. ரின்மீன் எட்டு, சோயா மீற் இருபது பைக்கற், நெத்தலிக் கருவாடு ஒரு கிலோ. கருவாட்டை மாதம் ஒரு முறையாவது வெயிலில் காட்டி ஆறவைத்து மீண்டும் அடையுங்கள். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) கிடைத்தால் ரின்னில் போட்டு வைக்கலாம், அடுப்பே தேவையில்லாமல் பசியைத் தாங்கும்.

தேங்காயை உரிக்காமல் நிழலில் வைத்தால் இரண்டு மாதம் தாங்கும். உரிப்பதானால் கண்ணை மூடிய குடுமியை விட்டு உரியுங்கள். குடுமி போனால் கண் வழியாக ஈரம் ஏறி ஒரு கிழமைக்குள் அழுகத் தொடங்கும்.

பால்மா தேநீருக்கு மட்டும் என்றால் 400 கிராம் பைக்கற் ஆறு ஏழு போதும். ஒரு கிலோ பைக்கற் மலிவாகத் தெரியும், ஆனால் திறந்த பிறகு ஈரம் இழுத்துக் கட்டியாகி மிச்சம் வீணாகும். கைக்குழந்தைக்குரிய மாவு வேறு கணக்கு. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தட்டுப்பாடென்று நீர்த்துக் கரைக்கவோ, சாதாரண பால்மாவைக் கொடுக்கவோ கூடாது. அதை ஒரு மாதத்துக்குக் கூடுதலாகவே வைத்திருங்கள், காலாவதித் திகதி பார்த்து.

சவர்க்காரம் காயக் காய நீண்ட நாள் உழைக்கும், எவ்வளவு வைத்தாலும் பழுதில்லை. உறையைப் பிரித்து அடுக்குங்கள். மாதவிடாய்த் துணி, நெருப்புப்பெட்டி, நுளம்புத்திரி, மெழுகுதிரி ஆகியவையும் வேண்டும். நெருப்புப்பெட்டியை மூடிய போத்தலில் வையுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அப்பியாசக் கொப்பிகளும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே ஒத்திவைக்கப்பட்டது.

மின்வெட்டும் தண்ணீரும்

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் தாங்கும். ஆகவே மீன், இறைச்சியை நம்பிச் சேமிக்க வேண்டாம். மேல் தட்டில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்தால் இன்னும் கொஞ்ச நேரம் இழுக்கலாம்.

மோட்டரில் தண்ணீர் இறைக்கும் வீடுகளில் கிணற்றுக்கு வாளியும் கயிறும் இருக்கிறதா, கப்பி சுற்றுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கரண்ட் வந்தவுடன் முதல் வேலை தாங்கியை நிரப்புவது, போன் சார்ஜ் இரண்டாவது. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு ஐந்து லீற்றர் என்று மூன்று நாளுக்கு மூடிய கான்களில் வையுங்கள். கொதிக்கவைக்க வழியில்லாவிட்டால், வாசனை சேர்க்காத 5 சதவீத வெளிற்றும் திரவத்தை (பிளீச்)த் தெளிந்த நீரில் லீற்றருக்கு இரண்டு துளி விட்டு அரை மணித்தியாலம் விடலாம். கலங்கிய நீரென்றால் முதலில் துணியில் வடியுங்கள்.

காசு, பத்திரம், சைக்கிள்

கரண்டும் வலையமைப்பும் போனால் ஏரிஎம் இயங்காது. இரண்டு கிழமைச் செலவுக்குக் காசை நூறு, ஐந்நூறு தாள்களாக வையுங்கள். அதற்கு மேல் காசாக வைத்துப் பயனில்லை. 2022 மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ஆனது. அலுமாரியில் கிடந்த தாளின் பெறுமதியும் அவ்வளவுக்குக் கரைந்தது.

வாகனப் பதிவுப் புத்தகம், அடையாள அட்டை, செசி இலக்கம் (வாகன அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கம்) ஆகியவற்றின் பிரதியை ஒரு உறையில் வையுங்கள். 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது, இந்த விவரங்களைக் கொடுத்துத்தான் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பெயர் மாற்றம் மிச்சம் இருந்தால் இப்போதே முடியுங்கள். கிடைக்கும் கியூஆரை அச்சடித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர்தான் கிடைத்தது. சைக்கிள்தான் கைகொடுத்தது, அதன் விலையும் உதிரிப்பாகத்தின் விலையும் எகிறின. கொட்டிலில் கிடப்பதை இறக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிறேக் கட்டைகளைப் பாருங்கள். நிற்கும் சைக்கிளில் முதலில் பழுதாவது ரியூப். ரயர் அளவைப் பக்கத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே அளவில் ரியூப் இரண்டு, ஒட்டுத் துண்டு, சிறிய சொலூசன், காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். சொலூசனைத் திறந்துவிட்டால் சில மாதத்தில் காய்ந்துபோகும், திறக்காமலே வையுங்கள்.